கைசைக்கிளுக்கு காசு இருக்கு, போன் பண்ற ஆளுக்கு இல்ல: மாற்றுத்திறன் முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு விளையாட்டு கிராண்ட், ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும்

பின்னணி

இது அமெரிக்காவுல, ஒஹாயோ மாநிலத்தோட தென்மேற்குப் பக்கம், மாற்றுத்திறனாளிங்கள கையால சுத்துற சைக்கிள் ஓட்ட வைக்குற ஒரு சின்ன அமைப்புல நடந்தது. ஆட்கள் பேரு, அமைப்பு பேரு, ஊர் பேரு எதுவும் போடல, அடையாளம் தெரிஞ்சிடும்னு தோணின சில விவரத்தையும் விட்டுட்டேன். நான் அந்த அமைப்புக்கு வாலன்டியரா கணக்கு பாக்குறவன், போர்டுல ஓட்டு கிடையாது, ஆனா பட்ஜெட் ஷீட் எல்லாம் என் லேப்டாப் வழியாத்தான் போகும். நம்மாளுங்க நிறைய பேர் இங்க ஏதாவது ஒரு நான்-ப்ராஃபிட்ல போர்டு மெம்பரா இருக்கீங்க, "உனக்குத்தான் எக்செல் தெரியுமே, கிராண்ட் எழுதிக் குடு"ன்னு ஒரு நாள் கண்டிப்பா கேப்பாங்க, அப்போ உதவும்னு முழுசா எழுதி வைக்கிறேன்.

இந்தப் பக்கம் பழைய ரயில் தண்டவாளத்த எடுத்துட்டு அதே இடத்துல தார் போட்டு சைக்கிள் பாதை ஆக்கியிருக்காங்க. ரயில் போன வழிங்கறதால ஏத்த இறக்கம் ரொம்ப கம்மி, மைல் கணக்கா சமமா போகும். ஹேண்ட்சைக்கிளுக்கு இதைவிட நல்ல இடம் தேடினாலும் கிடைக்காது. ஹேண்ட்சைக்கிள்னா மூணு சக்கரம், பெடல் காலுக்கு இல்லாம நெஞ்சுக்கு நேரா இருக்கும், ரெண்டு கையாலயும் ஒண்ணா சுத்தணும், கால் ரெண்டும் முன்னாடி ஒரு தாங்கில வெல்க்ரோ போட்டு கட்டியிருக்கும்.

அமைப்ப நடத்துறது ஒரு ரிட்டயர்டு பிசியோதெரபிஸ்ட் அம்மா, சம்பளம் வாங்குறதில்ல (இனிமே வெறும் "அம்மா"ன்னா இவங்கதான்). கோச் ராணுவத்துல இருந்தவரு, ஒரு கால் முட்டிக்குக் கீழ இல்ல. ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் சனிக்கிழமை காலைல ட்ரெயில் ஓரத்துல இருக்குற பார்க்கிங் லாட்ல கூடுவாங்க, ஓட்டுவாங்க, அதுக்கப்புறம் டோனட்டும் காபியும். குளிர்காலத்துல ஒரு சர்ச் ஜிம்ல எப்பவாவது வீல்சேர் பாஸ்கெட்பால்.

வர்றவங்கன்னா உடனே எல்லாருக்கும் தோணுறது ஈராக்லயோ ஆப்கானிஸ்தான்லயோ குண்டு வெடிச்சு கால் போன இளைஞர்தான். அப்படியும் சிலர் உண்டு. ஆனா பாதிக்கு மேல வயசானவங்க, வியட்நாம் காலத்து ஆளுங்க, சர்க்கரை வியாதில கால் எடுத்தவங்க (வியட்நாம்ல அமெரிக்க ராணுவம் தெளிச்ச ஏஜென்ட் ஆரஞ்ச்ங்கற களைக்கொல்லி பட்டவங்களுக்கு டைப் 2 சர்க்கரை வந்தா அது சர்வீஸால வந்ததுன்னே அரசாங்கம் எடுத்துக்குது), பக்கவாதம் வந்தவங்க, ராணுவத்த விட்டு வந்தப்புறம் மோட்டார் பைக்லேர்ந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவங்க, தலைல அடிபட்டு பேலன்ஸ் போனவங்க. முன்னாள் வீரர் இல்லாத மாற்றுத்திறனாளிங்களும் வருவாங்க, யாரையும் திருப்பி அனுப்புனதில்ல.

காசு எங்கேர்ந்து வருது

அடிபட்ட சிப்பாய்க்கு விளையாட்டுங்கறது இந்த நாட்டுல புதுசு இல்ல. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட 1946 வாக்குல ராணுவ ஆஸ்பத்திரிங்கள்ல வீல்சேர் பாஸ்கெட்பால் ஆட ஆரம்பிச்சாங்க, 1981 ல வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட்ல முன்னாள் படைவீரர்களுக்கான தேசிய வீல்சேர் போட்டி தொடங்குச்சு. ஆனா உள்ளூர் அமைப்புங்களுக்கு மத்திய அரசு காசு நேரடியா வர்றது சமீப காலத்துலதான். 2008 ல ஒரு சட்டம் வந்துச்சு, அதுல முன்னாள் படைவீரர் நலத்துறை, இங்க எல்லாரும் சொல்ற மாதிரி வி.ஏ., பாராலிம்பிக் அமைப்பு வழியா பணம் குடுத்துச்சு. 2013 ல சட்டத்த திருத்தி மத்த அமைப்புங்களும் வி.ஏ.கிட்ட நேரா அப்ளை பண்ணலாம்னு ஆக்குனாங்க. இப்போ சில வருஷமா மொத்தம் ஏறக்குறைய 1.6 கோடி டாலர், அதுல 15 லட்சம் டாலர் குதிரை வச்சு மனநலத்துக்கு உதவுற அமைப்புங்களுக்குன்னு தனியா ஒதுக்குறாங்க.

நாடு முழுக்க பங்கு போட்டா இது பெரிய பணம் இல்ல. ஆனா எங்கள மாதிரி ஆண்டு பட்ஜெட் ஒரு பழைய கார் விலைல ஓடுற அமைப்புக்கு ரொம்பப் பெருசு.

இதுல ரெண்டு விதி இந்தக் கதைக்கு முக்கியம். முதல் விதி, பெரிய அளவுல விளையாட்டு நிகழ்ச்சி நடத்துன அனுபவம் இருக்கணும். பெரிய அளவுன்னா என்னன்னா குறைஞ்சது 50 மாற்றுத்திறனாளிங்க கலந்துக்கணும், இல்லன்னா கலந்துக்குறவங்க குறைஞ்சது அஞ்சு காங்கிரஸ் தொகுதியில (நம்ம ஊர் எம்.பி. தொகுதி மாதிரி) இருந்து வரணும். ஒஹாயோல மொத்தமே 15 தொகுதி, எங்க ஆளுங்க மூணு தொகுதிக்குள்ள அடக்கம். அதனால எங்களுக்கு 50 பேர் கணக்குதான் வழி.

ரெண்டாவது விதிதான் எல்லாத்தையும் புரட்டிப் போட்டது. கிராண்ட் தொகைல நிர்வாகச் செலவும் ஆள் சம்பளமும் சேர்ந்து 5 சதவீதத்த தாண்டக் கூடாது. கலந்துக்குறவங்களுக்கு நேரடியா கோச்சிங்கோ பயிற்சியோ குடுக்குற நேரத்துக்கான சம்பளம் மட்டும் இந்தக் கணக்குல வராது. அதாவது கோச் ட்ரெயில்ல நிக்குற நேரத்துக்கு குடுக்கலாம். அவரு வீட்டுல உக்காந்து ஆளுங்களுக்கு போன் போடுற நேரம் அந்த 5 சதவீதத்துக்குள்ள அடங்கணும். 60,000 டாலர் வாங்குனா 3,000. ஒரு வருஷத்துக்கு. இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கே அதுல பாதி போயிடும்.

சட்டம் எழுதுனவங்க ஏன் இப்படி வச்சாங்கன்னு புரியுது, பணம் ஆபீஸ் நாற்காலிக்குப் போகாம வீரர்கிட்ட போகணும்னு. பெரிய அமைப்புக்கு அது சரி, அவங்ககிட்ட வேற பணத்துல சம்பளம் வாங்குற ஆள் ஏற்கெனவே இருக்காங்க. சின்ன அமைப்புல அந்த நாற்காலியே கிடையாது.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி கவனிச்சது

2022 ஆரம்பத்துல 50 பேர் கணக்க நிரூபிக்கணும்னு வருகைத் தாள் எல்லாத்தையும் எடுத்தோம். கிளிப்போர்டுல மாட்டுன தாள், சிலது மழைல நனைஞ்சு ஊறிப் போனது, சிலதுல முதல் பேரு மட்டும், ஒருத்தர் வாரா வாரம் வேற வேற செல்லப் பேரு போட்டிருக்காரு. எங்க வெப்சைட்ல பெருமையா போட்டிருந்த எண்ணிக்கை தலைக்கணக்கு இல்ல, வருகைக்கணக்கு. ஒரே ஆள் இருபது சனிக்கிழமை வந்தா இருபதுன்னு சேத்திருக்காங்க. தலைய எண்ணுனா ஐம்பத்தஞ்சு பேர், அதுல முன்னாள் வீரர்னு உறுதியா சொல்ல முடிஞ்சது பாதிக்கும் கொஞ்சம் கம்மி. விதிக்கு தப்பிச்சிட்டோம், ஆனா யாருக்கு சேவை பண்றோம்னு நாங்களே நினைச்சிட்டு இருந்தது வேற.

அந்தத் தாளுங்கள தேதி வாரியா அடுக்குனப்போ இன்னொண்ணு தெரிஞ்சுது. சில சனிக்கிழமை பார்க்கிங் லாட் நிறைஞ்சிருக்கு, சில சனிக்கிழமை நாலஞ்சு பேர்தான், வெயில் மழைக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. கோச்கிட்ட கேட்டப்போ, வியாழக்கிழமை ராத்திரி அவரு ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணுவாராம், "சனிக்கிழமை வர்றியா, யாரு கூட்டிட்டு வர்றா"ன்னு. அவருக்கு கால் புண்ணாகி ஆபரேஷன் ஆன மாசம் போன் போடல, ஆள் வரல. யாரும் எதையும் திட்டம் போட்டு பண்ணல, அவரு பழக்கத்துல பண்ணிட்டு இருந்தாரு.

வராதவங்க சொன்ன காரணத்த அம்மா ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க, அதுல எதுவும் சைக்கிள் இல்லன்னு இல்ல. கூட்டிட்டு வர ஆள் இல்ல. வி.ஏ. பயணப்படி மருத்துவ அப்பாயின்ட்மென்டுக்குத்தான், கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வேன் ஓட்டுறதும் அதுக்குத்தான். அப்புறம் காலை எட்டு மணி. முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு காலைக்கடன் நம்ம மாதிரி அஞ்சு நிமிஷ வேலை இல்ல, தானா நடக்காது, ஒரு மணி நேரம், சிலருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், அதுக்கப்புறம் குளிச்சு டிரஸ் மாத்தி வீல்சேர்லேர்ந்து வண்டிக்கு மாறணும். எட்டு மணிக்கு ட்ரெயில்ல நிக்கணும்னா ராத்திரி நாலு மணிக்கு எழுந்திரிக்கணும். இதை யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, "பிசி"ம்பாங்க. சரி பதினோரு மணிக்கு வைக்கலாம்னா ஜூலை வெயில். நெஞ்சுக்கு மேல முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழ வேர்க்காது, உடம்பு சூட்ட இறக்க வழி இல்லாம மயக்கம் வந்துடும். கடைசில பத்து மணின்னு வச்சோம், ஆளுக்கு ஒரு தண்ணி ஸ்ப்ரே பாட்டில்.

முதல் அப்ளிகேஷன்

இவ்வளவு தெரிஞ்சும் 2022 ல போட்ட அப்ளிகேஷன் பன்னெண்டு ஹேண்ட்சைக்கிள், ஒரு ட்ரெய்லர், அதை இழுக்க ஒரு வண்டி வாடகைன்னுதான் போச்சு. போர்டுல இருந்த பெரும்பாலானவங்களுக்கு கிராண்ட்னா பொருள். பொருள் வாங்குனா போட்டோ எடுக்கலாம், ஸ்பான்சர் ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆடிட்டர் கேட்டா கைய காட்டலாம். போன் காலுக்கு எந்த ஸ்டிக்கரும் ஒட்ட முடியாது.

அதுக்கு நடுவுல மத்திய அரசு கிராண்ட் கேக்க பண்ண வேண்டிய ரெஜிஸ்ட்ரேஷன் வேலை. அந்த வருஷம் ஏப்ரல்லதான் மத்திய அரசு அமைப்புங்களுக்கு பழைய அடையாளமா இருந்த டன்ஸ் நம்பர விட்டுட்டு புது அடையாள எண்ணுக்கு மாறுச்சு, எங்க அமைப்போட பேரு மாநிலப் பதிவுல ஒரு மாதிரி, பேங்க் லெட்டர்ல கமா இல்லாம வேற மாதிரி, விலாசமும் பழசு. அதை ஒத்துப் போக வைக்கவே வாரக்கணக்காச்சு. அப்ளை பண்ணணும்னு யோசிக்கும்போதே இதை முடிச்சு வச்சிடணும், கிராண்ட் அறிவிப்பு வந்தப்புறம் ஆரம்பிச்சா கடைசித் தேதி ஓடிடும்.

கிராண்ட் கிடைக்கல. அப்புறம் கேட்டு வாங்குன கருத்துல நியாயம் இருந்துச்சு: வி.ஏ. மருத்துவப் பக்கத்துல யாரோட சேர்ந்து பண்றீங்கன்னு தெரியல, பன்னெண்டு எதுக்குன்னு தெரியல, ஒரு வருஷம் கழிச்சு வேலை செஞ்சுதா இல்லையான்னு எப்படி பாப்பீங்கன்னு தெரியல.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

அம்மா பக்கத்து வி.ஏ. ஆஸ்பத்திரியோட ரிக்ரியேஷன் தெரபிஸ்ட (விளையாட்டு, பொழுதுபோக்கு வழியா சிகிச்சை குடுக்குறவங்க) போய் பாத்தாங்க. அந்தச் சந்திப்புலதான் எங்க பட்ஜெட்டே மாறுச்சு. வி.ஏ. மருத்துவத்துல பதிவு பண்ணியிருக்குற ஒரு வீரருக்கு தேவை இருக்குன்னு அங்க இருக்குற மருத்துவக் குழு பாத்து எழுதிக் குடுத்தா, செயற்கைக் கால் குடுக்குற அதே பிரிவு வழியா விளையாட்டு உபகரணமும் அவருக்கே சொந்தமா கிடைக்கும். அப்போ நாங்க பன்னெண்டு பேருக்கு பன்னெண்டு வாங்க வேண்டியதே இல்ல. ஆனா அந்த மருத்துவக் குழு எழுதிக் குடுக்கணும்னா, இவரு ஓட்டுவாரா, எந்த மாடல் பொருந்தும், தோள்பட்டை தாங்குமான்னு தெரியணும். அதுக்கு ஓட்டிப் பாக்க ஒரு இடம் வேணும். அதுதான் எங்க வேலைன்னு முடிவு பண்ணாங்க: சொந்தமா குடுக்குறது இல்ல, ஓட்டிப் பாத்து அளவெடுத்து அனுப்புறது.

அதனால 2023 அப்ளிகேஷன்ல 60,000 டாலர்தான் கேட்டோம். வேற வேற மாடல்ல அஞ்சு ஹேண்ட்சைக்கிள், பேலன்ஸ் இல்லாதவங்களுக்கு சாஞ்சு உக்காந்து கால்ல மிதிக்குற ட்ரைக் ரெண்டு, கண் தெரியாதவங்களுக்கு முன்னாடி கண் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்து ரெண்டு பேரா ஓட்டுற டேண்டம் சைக்கிள் ஒண்ணு, ஹெல்மெட், கொடி, விரல் பிடிக்காதவங்களுக்கு கைப்பிடி க்ளவ், அப்புறம் கோச் நேரம். அப்போ இருந்த மத்திய அரசு விதிப்படி ஒரு பொருள் 5,000 டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா தனிப் பதிவேடு வைக்கணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேர்ல சரிபாக்கணும், விக்கணும்னா கேட்டுட்டு விக்கணும். நல்ல ஹேண்ட்சைக்கிள் சுலபமா அந்த விலைய தாண்டும். (2024 அக்டோபர்லேர்ந்து அந்த வரம்பு 10,000 ஆயிடுச்சு.) மாடல் தேர்ந்தெடுக்கும்போது இந்த பேப்பர் வேலையையும் ஒரு விலையா நினைச்சு கணக்கு போட்டோம்.

அடுத்தது போன் பண்ற ஆள். வாரத்துக்கு பதினஞ்சு மணி நேரம் ஒருத்தர் வேணும்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அப்போ ஒரு போர்டு மெம்பர், நல்ல மனுஷன்தான், சொன்னாரு, அவங்களுக்கு "உதவி கோச்"னு பட்டம் குடுத்துடலாம், அப்போ 5 சதவீதத்துக்குள்ள வராது, எல்லாரும் இப்படித்தான் பண்றாங்கன்னு. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசல, ஏன்னா எல்லாருக்கும் அது ஆசையாத்தான் இருந்துச்சு. கோச்தான் முதல்ல மறுத்தாரு. டைம்ஷீட்ல கையெழுத்து போடப் போறது அவரு, வியாழக்கிழமை ராத்திரி போன் போட்டத சனிக்கிழமை கோச்சிங்னு எழுத மாட்டேன்னாரு. என் கருத்தும் அதேதான். பிடிபடுவோமா மாட்டோமாங்கறத விடுங்க, அப்படி எழுதுனா போன் வேலைங்கறது கணக்குலயே இல்லாம போயிடும், அப்புறம் அதுக்கு காசு வேணும்னு யார்கிட்டயும் போய் கேக்க முடியாது, "ஏற்கெனவே நடந்துட்டுதான இருக்கு"ம்பாங்க.

அதனால அந்த வேலைக்குன்னே தனியா உள்ளூர் அறக்கட்டளை ஒண்ணுகிட்ட கேட்டாங்க. ஒரு வருஷத்துக்குக் குடுத்தாங்க, புதுப்பிக்க மாட்டோம்னு முதல்லயே சொல்லிட்டாங்க. வண்டிச் செலவுக்கு பக்கத்துல இருக்குற முன்னாள் வீரர் மன்றம், ஈஸ்டருக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவங்க போடுற மீன் வறுவல் விருந்துல வந்த காசுல ஒரு பங்கு. (அந்த மீன் வறுவலுக்கு நம்ம ஊர் மசாலா தடவலாம்னு நான் சொன்னதுக்கு இன்னும் பதில் வரல.)

கிராண்ட் வந்த வருஷம்

இலையுதிர் காலத்துல கிராண்ட் கிடைச்சதா சேதி வந்துச்சு. கணக்கு வருஷம் 2023 அக்டோபர் 1 லேர்ந்து 2024 செப்டம்பர் 30. இங்கதான் காலண்டர் கைய கடிச்சுது. எங்க சைக்கிள் சீசன் செப்டம்பரோட முடிஞ்சிடும். முதல் காலாண்டு ரிப்போர்ட்ல ட்ரெயில் நிகழ்ச்சி எத்தனைன்னு கேட்ட இடத்துல எழுத ஒண்ணும் இல்ல. பணமும் மொத்தமா அக்கவுண்ட்ல விழாது, செலவுக்கு ஏத்த மாதிரி எடுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் பில் இருக்கணும், ஆர்டருக்கு முன்பணம் குடுக்க கைல இருப்பு வேணும். எங்க இருப்பு கிட்டத்தட்ட காலியாயிடுச்சு.

ஆர்டர் நவம்பர்லயே போட்டாச்சு. மார்ச்ல வரும்னாங்க, ஹேண்ட்சைக்கிள் எல்லாம் கடைல அடுக்கி வச்சு விக்குற சரக்கு இல்ல, சொன்ன அளவுக்கு செஞ்சு அனுப்புறது. மூணு வண்டி ஏப்ரல் கடைசில வந்துச்சு, மிச்சம் ரெண்டு ஜூன்ல. நல்ல வேளையா குளிர்காலத்த சும்மா விடல. கோச் பழைய ரெண்டு வண்டிய சர்ச் ஜிம்ல ரோலர் மேல நிறுத்தி உள்ளயே ஓட்ட வச்சாரு, தெரபிஸ்ட் ஆஸ்பத்திரிலேர்ந்து ஆள் அனுப்பினாங்க.

அந்த ஜிம்ல ஒருத்தருக்கு வண்டி அளவெடுத்தத பக்கத்துல நின்னு பாத்தேன். அறுபத்து சொச்சம் வயசு, ரெண்டு காலும் வேலை செய்யாது. முதல்ல அவரோட வீல்சேர் குஷனையே எடுத்து வண்டி சீட்ல போட்டாங்க, சீட்டுல நேரா உக்கார வச்சா வலி தெரியாது, தெரியாததாலயே தோல் உரிஞ்சு புண்ணாயிடும். கால தாங்கில வச்சு கட்டிட்டு கிராங்க் (கைப் பெடல் மாட்டியிருக்குற தண்டு) ஒரு சுத்து சுத்தச் சொன்னாங்க, கீழ வரும்போது முட்டில இடிச்சுது. அவருக்குத் தெரியல, சத்தம் கேட்டுத்தான் கோச் நிறுத்தினாரு. கிராங்க ரெண்டு விரல் அகலம் மேல ஏத்துனா தோள் காதுகிட்ட போகுது, அது தோளுக்கு கெடுதல். கால் தாங்கிய இறக்கி, கால் கொஞ்சம் வெளிப்பக்கமா சாய்ற மாதிரி மாத்தி, திரும்ப சுத்தி, அம்மா முழங்கை மடக்குற கோணத்த பாத்து, இப்படியே ஒரு மணி நேரம் போச்சு. முடிஞ்சதும் ஷார்ட்ஸ தூக்கி பின்பக்கத் தோல்ல சிவப்பு இருக்கான்னு பாக்கச் சொன்னாங்க. அவரு இன்னும் ஒரு இன்ச் கூட நகரல, ஆனா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய அளவுத் தாள் ரெடி. இந்த ஒரு மணி நேரம் கோச்சிங், அதுக்கு கிராண்ட் காசு குடுத்துச்சு. அவர அங்க வர வைக்க மூணு போன் காலும் ஒரு வேனும் ஆச்சு, அதுக்கு அறக்கட்டளையும் மீனும்.

போட்டோ விவகாரம்

மே மாசம் புது வண்டிங்களோட முதல் சனிக்கிழமை கூட்டம் நல்லா இருந்துச்சு. யாரோ ஒரு அருமையான போட்டோ எடுத்து அமைப்போட ஃபேஸ்புக் பக்கத்துல போட்டாங்க, சாஞ்ச ட்ரைக்ல ஒருத்தர் வாய்விட்டு சிரிச்சுட்டு வர்றாரு. அடுத்த வாரம் அவரு வரல. அவரோட வர்ற இன்னொருத்தரும் வரல.

அறக்கட்டளை காசுல போன் வேலைக்கு வச்ச அம்மா (இவங்க வேற ஒருத்தங்க) இல்லன்னா இது ஏன்னே தெரிஞ்சிருக்காது. அவருக்கு முதுகு வலிக்கும் போர் மன அழுத்தத்துக்கும் சேர்த்து வி.ஏ. ரேட்டிங் (பாதிப்பு எத்தனை சதவீதம்ங்கற மதிப்பீடு) இருக்கு, மாசா மாசம் வர்ற இழப்பீடு அதை வச்சுத்தான். "சைக்கிள் ஓட்டி சிரிக்கிறான், இவனுக்கு எதுக்கு காசு"ன்னு யாராவது எழுதிப் போட்டா என்ன பண்றதுன்னு பயம். ரேட்டிங்க முடிவு பண்றது மருத்துவ ஆவணம், ஃபேஸ்புக் சிரிப்பு இல்ல. ஆனா மாசச் செலவே அந்தப் பணத்துல ஓடுறவர்கிட்ட அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? இந்தப் பயம் முன்னாள் வீரர்கள் நடுவுல பரவலா இருக்கு, எங்க போர்டுக்குத்தான் புதுசு.

போட்டோவ அன்னைக்கே எடுத்தாச்சு. கலந்துக்குற ஃபார்ம்லயே போட்டோ அனுமதியும் ஒரு வரியா இருந்துச்சு, யாரும் படிக்காம கையெழுத்து போடுறது, அதை தனி ஃபார்மா பிரிச்சு, கையெழுத்து போடலன்னா போட்டோ கிடையாதுன்னு மாத்துனாங்க. கவுன்ட்டி முன்னாள் வீரர் சேவை அலுவலகத்துலேர்ந்து ஒரு அதிகாரிய டோனட் நேரத்துல வந்து பேசச் சொன்னாங்க; ஒஹாயோல 88 கவுன்ட்டிலயும் இந்த அலுவலகம் உண்டு, சொத்து வரில நடக்குது, ரேட்டிங் பேப்பர் எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. ரெண்டாவது ஆள் திரும்பி வந்தாரு. போட்டோல சிரிச்சவரு வரல.

பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு, முகம் இல்லாத போட்டோவ பாத்து உள்ளூர்ல எவனும் செக் எழுத மாட்டான்னு. அது உண்மைதான், அந்த வருஷக் கடைசி வசூல் குறைஞ்சுது. அதுக்கு எங்ககிட்ட இன்னும் பதில் இல்ல.

முடிவுல என்ன ஆச்சு

அப்ளிகேஷன்ல 45 முன்னாள் வீரர்னு எழுதியிருந்தோம். செப்டம்பர் 30 அன்னைக்கு தலைக்கணக்கு 34. வண்டி லேட்டா வந்தது ஒரு காரணம், ஆனா 45 ங்கற எண்ணே ஆசைல போட்டது. ரிப்போர்ட்ல 34 னே எழுதினோம், காரணத்தோட. கோச் நேரத்துக்கு ஒதுக்குனதுல கொஞ்சம் மிச்சம் ஆச்சு, அதை எடுக்காம விட்டோம், போர்டுல ஒரு ரெண்டு பேருக்கு அது வயித்தெரிச்சல்.

அஞ்சு பேருக்கு வி.ஏ. வழியா சொந்த ஹேண்ட்சைக்கிள் வந்துச்சு. அதுல ஒருத்தர் சனிக்கிழமை எங்ககிட்ட வர்றதையே நிறுத்திட்டாரு, ஏன்னா தினம் அவரு வீட்டுக்குப் பக்கத்துலயே ஓட்டுறாரு. இது எங்க வருகைக்கணக்குல ஒரு ஆள் குறைவு. எந்த ஃபார்ம்லயும் இதை நல்ல சேதின்னு எழுத கட்டம் இல்ல, ரிப்போர்ட்ல விளக்கமா எழுதுற பகுதில எழுதிக் குடுத்தோம்.

2024 கடைசில அறக்கட்டளை காசு முடிஞ்சுது. போன் வேலை திரும்ப கோச் தலைல. 2025 ஏப்ரல்ல சீசன் ஆரம்பிச்சப்போ வண்டி எல்லாம் பளபளன்னு இருந்துச்சு, சனிக்கிழமைக்கு ஆறேழு பேர்.

திரும்ப பண்ணா என்ன மாத்துவோம்

வரிசைய மாத்துவோம். போன் பண்ற ஆளுக்கு ரெண்டு வருஷ காசு கைல இருந்தாத்தான் வி.ஏ. அப்ளிகேஷனையே திறக்கணும்னு போர்டு இப்போ எழுத்துல வச்சிருக்கு. 5 சதவீத விதிய யாரும் எங்களுக்காக மாத்தப் போறதில்ல, அதனால அந்த ஓட்டைய அடைக்குற காச முதல்ல தேடணும், மத்தது அப்புறம். கணக்கு வருஷம் அக்டோபர்ல தொடங்குறதால அப்ளிகேஷன்ல முதல் ஆறு மாசத்துக்கு உள்ளரங்க நிகழ்ச்சியும் அளவெடுப்பும், அடுத்த ஆறு மாசத்துக்கு ட்ரெயில்னு பிரிச்சு எழுதணும், வண்டி ஆர்டர் முதல் வாரத்துலயே போகணும். தலைக்கணக்குக்கு கிளிப்போர்ட விட்டுட்டு ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்தாச்சு. எண்ணிக்கை வாக்கு குடுக்கும்போது ஏற்கெனவே வந்த தலைய வச்சு கணக்கு போடணும், போர்டோட ஆசைய வச்சு இல்ல.

வண்டிங்கள எண்ணிக்கைல குறைச்சிருக்கலாமாங்கறதுல எங்களுக்குள்ள இன்னும் ஒத்துப் போகல. கோச் அஞ்சு மாடலும் வேணும்ங்குறாரு, அளவெடுக்க வர்றவர் எப்படிப்பட்டவர்னு முன்கூட்டி தெரியாதே. அம்மா மூணு போதும்ங்குறாங்க. எனக்கு அம்மா சொல்றது சரின்னு படுது, ஆனா வண்டில ஏறி உக்கார்றது நான் இல்ல.

இந்த வருஷம் அப்ளை பண்ணல. முன்னாள் வீரர் மன்றம் மீன் விருந்து காசுல வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு போன் பண்ற அம்மாவ திரும்ப கூப்பிட்டிருக்கு, ஆகஸ்ட்லேர்ந்து சனிக்கிழமை பன்னெண்டு பேர் கிட்ட வர்றாங்க. மிச்ச மணி நேரத்துக்கு வேற ஒரு அறக்கட்டளைகிட்ட பேச்சு நடக்குது, அவங்க பதில் ஜனவரில.